ஒரே லேசர், வேறு எஃகு: பரப்பமைப்பில் சிற்றளவுத் தனிமங்களின் பங்கு

விஜயநகரத்தின் அரவீட்டு மன்னர்கள் சந்திரகிரியில் அரசிருந்த 16, 17ஆம் நூற்றாண்டுகளில் தென்னிந்திய மூசை உருக்கு கடல் கடந்து பாரசீகம் வரை சென்றது. அந்த உருக்கில் அடித்த வாள்களின் மேல் ஓடும் அலைவரிகளுக்குக் கொல்லரின் கைத்திறன் மட்டுமே காரணம் என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. அமெரிக்க உலோகவியலாளர் ஜான் வெர்ஹோவனும் கொல்லர் ஆல்ஃபிரட் பென்ட்ரேயும் மற்றொருவரும் சேர்ந்து 1998இல் வெளியிட்ட ஆய்வு வேறொன்றைக் காட்டியது. வனேடியம் போன்ற தனிமம் நூற்றுக்கு 0.004 பங்கு அளவில் இருந்தாலே கார்பைடுகள் வரிசைகளாகத் திரள்கின்றன. அது இல்லாத கட்டியை எத்தனை முறை காய்ச்சி அடித்தாலும் வரி வருவதில்லை. பரப்பில் தெரியும் உருவத்தைச் செய்முறையும் கலவையும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று அரிது. இன்று லேசரால் எஃகின் மேல் நுண்குழிகளும் வரிகளும் இடும் ஆய்வில் இந்தப் பாடம் போதிய அளவு உள்வாங்கப்படவில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம். துடிப்பின் ஆற்றல், கால அளவு, அலைநீளம், கதிர்ப்புள்ளியின் விட்டம் ஆகியவை தசமத் துல்லியத்துடன் தரப்படுகின்றன. எஃகுக்கோ ஒரு தரப்பெயர் மட்டும் மிஞ்சுகிறது.

இந்தத் தொழில்நுட்பத்தின் அடிப்படை எளிது. இஸ்ரேலின் டெக்னியன் நிறுவனத்தைச் சேர்ந்த இஸாக் எட்சியனின் ஆய்வுகளால் பரவிய வடிவத்தில், உராயும் பரப்பில் ஏறத்தாழ 100 மைக்ரான் விட்டமும் 10 மைக்ரான் ஆழமும் உள்ள குழிகள் வரிசையாக இடப்படுகின்றன. அவை எண்ணெயைத் தேக்கி அழுத்தத்தை எழுப்பி உராய்வைக் குறைக்கின்றன. அடைப்பு வளையங்களிலும் பிஸ்டன் வளையங்களிலும் இது பயன்பட்டுள்ளது. குழியின் விளிம்பில் உருகி உறைந்த மேடு எவ்வளவு உயரம், அதைச் சுற்றியுள்ள படலம் கடினமா மென்மையா என்பவற்றைப் பொறுத்தே பயன் நிற்கும். மேடு உயர்ந்தால் எதிர்ப்பரப்பைக் கீறும். இவ்விரண்டையும் லேசர் மட்டும் முடிவு செய்வதில்லை.

கலவையின் விளைவை விளக்கப் பலர் முதலில் எடுப்பது வெப்பக் கடத்துதிறன். அறை வெப்பநிலையில் சாதாரணக் கரிம எஃகுக்கு அது மீட்டர்-கெல்வினுக்கு 50 வாட் அளவில். 304 எவர்சில்வருக்கு 16 அளவில். மூன்று மடங்கு வேறுபாடு என்பதால் எல்லாம் அதிலேயே அடங்கிவிட்டதாகத் தோன்றும். ஆனால் 1000 பாகை செல்சியஸைத் தாண்டும்போது இரண்டும் 25 முதல் 30 வரை என்ற ஒரே எல்லைக்குள் வந்துவிடுகின்றன. உருகலுக்கு அருகே அந்த வேறுபாடு பெரும்பாலும் மறைகிறது. ஆகவே உண்மையான பிரிவினை வேறிடத்தில் நிகழ்கிறது என்று கருதுகிறேன்: உருகிய உலோகம் ஓடும் திசையிலும், அது உறைந்தபின் கரிமம் எங்கே நிற்கிறது என்பதிலும்.

உருகிய தூய இரும்பின் பரப்பு இழுவிசை வெப்பம் ஏற ஏறக் குறைகிறது. எனவே திரவம் சூடான நடுவிலிருந்து குளிர்ந்த விளிம்புக்கு ஓடும். கந்தகம் இலட்சத்தில் சில பங்கு கலந்தாலே, உருகுநிலைக்குச் சற்று மேலான வெப்பநிலைகளில் இந்த ஓட்டம் திசை மாறி உள்நோக்கிச் செல்கிறது. பற்றவைப்பு ஆய்வாளர்கள் ஹைபிளும் ரோப்பரும் 1982இல் பற்றவைப்புக் குழம்பின் வடிவத்துக்கு இதையே காரணமாகக் காட்டினர். 304 தரம் கந்தகத்தை 0.030 சதவீதம் வரை அனுமதிக்கிறது. 0.003 உள்ள உருக்கும் 0.025 உள்ள உருக்கும் ஒரே பெயரில் சோதனைமேசைக்கு வரலாம். கந்தகம் குறைந்ததில் விளிம்பு மேடிடும், மிகுந்ததில் அதே மேடு தாழலாம். நம் சந்தையில் சிக்கல் இன்னும் கூடுதல். நிக்கல் குறைத்து மாங்கனீசு ஏற்றிய 200 வரிசை எஃகுகள் இந்தியாவில் பரவலாக விற்கப்படுகின்றன. பளபளப்பில் அவற்றை 304இலிருந்து கண்ணால் பிரித்தறிய முடியாது. மாங்கனீசு 2061 பாகையில் கொதிக்கிறது, இரும்பு 2862 பாகையில். எனவே லேசர் பட்ட படலத்தில் மாங்கனீசு முந்தி ஆவியாகி, அடியில் உள்ள உலோகத்தின் கலவையிலிருந்து அந்தப் படலம் விலகிவிடும்.

கரிமத்தைப் பொறுத்தவரை அதன் அளவோடு இருப்பிடமும் முக்கியம். பட்டறைக்கு இஎன் 8 என்று வரும் கம்பியில் 0.4 சதவீதம் கரிமம், இஎன் 31இல் ஏறத்தாழ 1 சதவீதம். பத்து நானோவினாடித் துடிப்பில் திண்ம நிலையில் கரிமம் சில நானோமீட்டருக்கு மேல் நகர நேரமில்லை. ஆகவே குழியின் ஓரத்தில் கரிமம் செறிந்த பெர்லைட் உருகிய இடம் கடினமான மார்ட்டென்சைட்டாகலாம். கரிமம் குறைந்த ஃபெர்ரைட் இருந்த இடம் மென்மையாகவே எஞ்சும். இஎன் 31இலோ கரிமமும் குரோமியமும் மிகுந்து உருகிய பகுதியில் மென்மையான ஆஸ்டினைட்டு மாறாமல் தங்கி, எதிர்பார்த்த கடினத்தைக் குறைக்கக்கூடும். ‘கரிமம் கூடினால் கடினம் கூடும்’ என்ற பாடப்புத்தக விதி இங்கே நேராகப் பொருந்தாது.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. அதிக ஆற்றல் துடிப்புகளில் ஆவியின் பின்னுதைப்பு அழுத்தமே திரவத்தை வெளியே தள்ளுகிறது. அந்த நெருக்கடியில் பரப்பு இழுவிசையின் திசை பொருட்டல்ல என்பர். அது சரியே. கொதிநிலையை நெருங்கும் நடுப்பகுதியில் கந்தகத்தின் செல்வாக்கும் மறைந்துவிடுகிறது. ஆனால் விளிம்பு நடுப்பகுதியைவிடக் குளிர்ந்தது, உறைவதற்கு முந்தைய கடைசி நொடித்துளிகள் அங்கேதான் கழிகின்றன. மேட்டின் இறுதி வடிவமும் அங்கேதான் உருவாகிறது. ஃபெம்டோவினாடித் துடிப்புகளுக்கு இன்னும் அதிகம் விட்டுக்கொடுக்க வேண்டும்: உருகிய படலம் மிக மெல்லியது, கந்தகத்தின் பங்கு சிறுத்துவிடும். அங்கும் மாங்கனீசு சல்பைடு திட்டுகளும் கார்பைடுகளும் சுற்றியுள்ள இரும்பைப் போல ஒரே அளவில் அகலுவதில்லை.

வாதத்தைச் சோதிக்க, தொடக்கத்தில் சொன்ன சந்திரகிரியை அடுத்த திருப்பதிப் பகுதியிலேயே வசதி உண்டு. ஏர்ப்பேட்டில் ஐஐடி இருக்கிறது. அருகே ஸ்ரீகாளஹஸ்தியில் கிராஃபைட் உருண்டைகள் பொதிந்த வார்ப்பிரும்புக் குழாய்கள் செய்யப்படுகின்றன. எஃகின் கலவை எல்லையைத் தாண்டி நிற்கும் அந்தப் பொருள் நல்ல ஒப்பீடாகும். கந்தகத்தில் மட்டும் வேறுபட்ட இரண்டு 304 உருக்குகளை எடுத்து, குறைந்த ஆற்றலில் தொடங்கிப் படிப்படியாக ஏற்றி, ஒவ்வொரு படியிலும் விளிம்பு மேட்டை அளக்க வேண்டும். குறைந்த ஆற்றலில் வேறுபாடு தெரிந்து ஆற்றல் ஏறும்போது மறைந்தால், கந்தகம் பற்றி நான் சொன்னது நிற்கும். எந்தப் படியிலும் தெரியாவிட்டால் அது விழும். கரிமத்தின் இருப்பிடம் பற்றிய பகுதியைத் தனியே சோதிக்க வேண்டியிருக்கும்.