நாயோட ஊட்டிக்கு போறீங்களா? ரூம் போடும் முன் உஷார்!

ஊட்டி:

கோடை லீவுக்கு ஊட்டி கிளம்பும் பலர், வீட்டில் விட்டுவர ஆள் இல்லாமல் நாயையும் காரில் ஏற்றிக் கொள்கிறார்கள். போனில் "நாயை கூட்டிட்டு வாங்க" என்று சொன்னதும் அட்வான்ஸ் கட்டி விடக்கூடாது. "ராத்திரி நாய் எங்கே படுக்கும்?" என்று முதலில் கேளுங்கள்.

காரணம், சிறுத்தை. ஊட்டி, குன்னூர், கோத்தகிரி பகுதிகளில் தேயிலைத் தோட்டத்தை ஒட்டிய வீடுகளுக்கு ராத்திரியில் சிறுத்தை வருவதும், வாசலில் படுத்திருக்கும் நாயை கவ்விக்கொண்டு போவதும் அடிக்கடி நடக்கிறது. சங்கிலியில் கட்டிய நாய் தப்பி ஓடவும் முடியாது, பாவம். "பின்னாடி ஷெட்டுல கட்டிக்கலாம்" என்று சொல்லும் காட்டேஜ் எவ்வளவு சீப்பாக கிடைத்தாலும் வேண்டாம். ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஊர். சமவெளியில் வளர்ந்த நாய்க்கு அந்த குளிரும் தாங்காது. உங்க ரூமுக்குள்ளேயே படுக்கணும். இருட்டிய பிறகு ஒண்ணுக்கு போக வெளியே கொண்டு வந்தால் லைட் வெளிச்சத்தில், பெல்ட்டை கையில் பிடித்தபடி நில்லுங்கள்.

நாய்க்கு தனி வாடகை, டெபாசிட் உண்டா என்பதையும் பேசி விடுங்கள். வெறிநாய்க்கடி தடுப்பூசி போட்ட சீட்டு கையில் இருக்கட்டும்.

பகலில்தான் இன்னொரு சிக்கல். நாயை ரூமில் பூட்டிவிட்டு சுற்றப்போக பல இடங்களில் விட மாட்டார்கள். முதுமலை சபாரி வண்டியில் நாயை ஏற்ற முடியாது. மூடிய காரில் விட்டுப்போனால், ஊட்டி வெயிலிலும் உள்ளே சூடேறி நாய் செத்துவிடும். குடும்பத்தில் ஒருத்தர் மாற்றி ஒருத்தர் ரூமில் இருப்பதாக முடிவு செய்துவிட்டே கிளம்புங்கள்.