பெயரற்றோர் நடந்த பாதை

நல்லதண்ணித் தேயிலை மலைகளில் நிழலுக்கென நிற்பதும், தோட்ட மக்கள் சவுக்கு என வழங்குவதுமான கிரவில்லியா மரம் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. அதை நட்ட கைகளோ தமிழகத்திலிருந்து வந்தவை. மரத்தின் பிறப்பைத் தாவர நூல்கள் சொல்லும். வழியில் மாண்ட மனிதர் இன்னாரென்று சொல்ல ஏடு இல்லை.

கோப்பித் தோட்டங்கள் தோன்றிய 1820கள் முதல், மன்னார்க் கரையில் தோணியிலிருந்து இறங்கியோர் மடவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை வழியாக மாத்தளைக்கு நடந்தனர். வாந்திபேதியும் காய்ச்சலும் பட்டினியும் வழிநெடுக உயிர் குடித்தன. நோயுற்றவர் பாதையோரத்தில் விடப்பட்டனர். கூட்டம் மேலே நடந்தது. 1880இல் மாத்தளைக்குப் புகைவண்டி வந்தது, தோட்ட விளைச்சலைத் துறைமுகம் சேர்க்க! மன்னாரிலிருந்து வந்தவனுக்கு அப்போதும் கால்களே வண்டி.

சாலையோரம் மரம் வைப்பது தமிழர்க்குப் புதிதன்று. 1689 முதல் 1706 வரை மதுரையை ஆண்ட மங்கம்மாளின் பெயரைச் சாலைகள் இன்றும் தாங்குகின்றன. ஆயினும் நினைவுச் சாலைக்கு நான் எடுத்துக்காட்டாகக் கொள்வது அரசியை அன்று. ஆஸ்திரேலியாவின் பல்லாரட் நகரில், முதல் உலகப்போருக்குச் சென்ற ஒவ்வொருவருக்கும் ஒரு மரமாக, 1917 முதல் 1919 வரை 3,700க்கு மேற்பட்ட மரங்கள் ஏறத்தாழ 22 கிலோமீட்டர் தூரத்துக்கு நடப்பட்டன. நட்டோர் லூகாஸ் ஆடைத் தொழிற்சாலையின் உழைக்கும் பெண்கள். அப்போரைப் பற்றி நமக்கு வேறு கருத்துண்டு. அப்பெண்கள் ஆளுக்கொரு மரமென்று கணக்கு வைத்ததை மதியாதிருக்க இயலாது.

2023இல், இருநூறாண்டு நினைவாக, ஜூலை 28ஆம் நாள் தலைமன்னாரில் தொடங்கிய நடைபயணம் ஆகஸ்ட் 12ஆம் நாள் மாத்தளையை அடைந்தது. அப்பழைய வழியில் மரங்களை நிறுத்துவதே அடுத்த பணி. அழகுக்காக அயல்நாட்டு மரங்களைக் கொணர வேண்டா. வறண்ட நிலத்துக்கு வேம்பும் புளியும் இலுப்பையும் பாலையும் உண்டு; குளக்கரைகளுக்கு மருது உண்டு. ஒரே இனத்தை நிரையாக நடுவதும் தவறு. ஒரே பயிரை நம்பிய கோப்பிச் சீமான்களை, 1869இல் தலைகாட்டிய இலைநோய் என்ன செய்ததென்று யாவரும் அறிவர். ஐப்பசி மழையில் நட்டு, வேரடியில் சருகு மூடி, மாட்டுக்கு முள்வேலியிட்டு, முதல் சில கோடைகளுக்குக் குடத்து நீர் ஊற்றினால் பிறகு மரம் தன்னைத் தானே காக்கும்.

பெயர்ப்பலகையில் எழுத நமக்குப் பெயர்கள் கிட்டா. ஆகவே புறப்பட்ட ஊர்களை எழுதலாம். துறையூர், முசிறி, நாமக்கல், புதுக்கோட்டை என்று லயங்களில் முதியோர் இன்னும் சொல்கின்றனர். மாணவர் இவ்விடுமுறையிலேயே அவற்றைக் கேட்டுக் குறித்துக்கொள்ளத் தொடங்கலாம்.