கடாரத்துப் பொன்வண்டு

கொடுக்காப்புளி இலையிட்டுத் தீப்பெட்டிக்குள் பொன்வண்டு வளர்த்த பால்யத்தை நெஞ்சில் ஏந்தியே, தஞ்சையிலும் திருச்சியிலும் சேலத்திலும் பிறந்தோர் பலர் கங்காணிகளின் பின்னே கப்பலேறி, மலாயாவில் கெடா எனப்படும் கடாரத்துத் தோட்டங்களை அடைந்தனர். அவர்கள் ஊரில் கண்ட வண்டு மண்ணுக்குள் வேர்களைத் தின்று வளர்ந்தது. கெடாவின் வனங்களில் அதே வம்சத்தைச் சேர்ந்த வேறு இனங்களோ மரத்தின் உள்ளேயே வளர்ந்தன.

1909-ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி கெடா, சயாமின் மேலாதிக்கத்திலிருந்து ஆங்கிலேயர் வசமானது. அக்காலத்தில், சுங்கைப் பட்டாணி, கூலிம் முதலிய பகுதிகளில் ஆதிவனம் வெட்டப்பட்டு, தீயிடப்பட்டு, பிரேஸில் நாட்டிலிருந்து வந்த ரப்பர் என்னும் பால்மரம் வரிசை வரிசையாக நடப்பட்டது.

மரத்துள் வளரும் அப்பொன்வண்டின் சுபாவத்தை அறிந்தோர்க்கு இச்சரித்திரம் துயரம் தரும். நலிந்த மரத்தையும் புதிதாக வீழ்ந்த மரத்தையும் நாடிச் சூரிய வெளிச்சத்தில் பறந்துவரும் தாய்வண்டு, பட்டையின் பிளவில் முட்டையிடுகிறது. வெளிவரும் புழுவோ, அகன்று தட்டையான முன்னுடலால் பட்டைக்கும் கட்டைக்கும் இடையே வழி குடைந்து, கடந்த வழியை மரத்தூளால் இறுக அடைத்துக்கொண்டே முன்னேறி, இருளிலேயே தன் ஆயுளின் பெரும்பகுதியைக் கழிக்கிறது. வட அமெரிக்க இனம் ஒன்று, கட்டடத்து மரத்துக்குள் 50 ஆண்டுகளுக்கு மேல் இருந்து வெளிப்பட்டதுண்டு. வெளிச்சத்தில் பொன்வண்டு வாழ்வதோ சில வாரங்களே. ஆகவே, வெட்டுண்ட காடு அவ்வண்டுகளுக்கு விருந்தழைப்பாகவும், பின்னர் மூண்ட தீ அவற்றின் சந்ததிக்குச் சிதையாகவும் ஆகியிருக்க வேண்டும்.

பொன்வண்டின் சிறகுறையில் மின்னும் பிரகாசம் சாயத்தால் ஆனதன்று. மெல்லிய அடுக்குகளில் ஒளி பட்டு மீள்வதால் தோன்றுவது. எனவே உயிர் போன பின்னும் மங்குவதில்லை. ஜப்பானின் நாரா நகரருகே, ஹோர்யூஜி ஆலயத்தில் 7-ஆம் நூற்றாண்டுப் பேழையொன்றை இத்தகைய சிறகுறைகளே அலங்கரித்தன. 19-ஆம் நூற்றாண்டில் சென்னையில் இவற்றை மஸ்லின் துணியில் தைத்து ஐரோப்பாவுக்கு ஏற்றுமதி செய்தனர்.

சிறகுக்கு இவ்வளவு மதிப்பிருந்தும், தோட்டத்துக் கணக்கேடுகள் நட்ட மரத்தையும் வடித்த பாலையும் எண்ணின. வெட்டுண்ட மரத்துக்குள் வாழ்ந்த ஜீவன்களை எண்ணவில்லை. 1,217 மீட்டர் உயர்ந்து நிற்கும் கெடாவின் ஜெராய் மலையின் சாரலில் வனம் இன்னும் எஞ்சியிருக்கிறது. அங்கே ஒரு மரம் சாயும்போது அதை விறகென்றோ குப்பையென்றோ கருதி அகற்றாமல், சாய்ந்த இடத்திலேயே கிடக்க விடுவது, காடு வெட்டியோரின் சந்ததியாகிய நாம் செய்யத்தக்க பிராயச்சித்தமாகும்.