மிதிவெடியும் பிளாஸ்டிக் பாதமும்

கல்முனையிலிருந்து மேற்கே கிட்டங்கியைக் கடந்து சென்றால் சொறிக்கல்முனை. மாரி காலத்தில் கிட்டங்கித் தாம்போதிக்கு மேலாக வெள்ளம் பாய்வதும் போக்குவரத்து நின்றுபோவதும் இப்பகுதி மக்களுக்குப் புதினமல்ல. அவ்வூரின் பெயரை வெளியூரார் அறிந்திருப்பது அங்குள்ள திருச்சிலுவைத் திருத்தலத்தினால். சுற்றிவரத் தமிழ்க் கிராமங்களும் முஸ்லிம் கிராமங்களும், அவற்றுக்கிடையே வயல்வட்டைகளும். இந்த மண்ணில் காலை இழந்த ஒருவர் மீண்டும் நடப்பதென்றால் சேற்றில் நடக்க வேண்டும். வழுக்கும் வரம்பில் நடக்க வேண்டும். பள்ளிவாசலிலும் கோவிலிலும் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு நடக்க வேண்டும். செயற்கைக் காலின் வரலாற்றை ஆய்வுகூடத்தில் நின்று பார்ப்பதற்கும் இத்தகைய வரம்பில் நின்று பார்ப்பதற்கும் பெரும் வேறுபாடு உண்டு.

அவ்வரலாற்றில் கசப்பான முரண் ஒன்றும் இருக்கிறது. இலங்கைப் போரில் கால்களைப் பறித்த மிதிவெடிகளில் பெரும்பகுதி பிளாஸ்டிக் உறை கொண்டவை. பாகிஸ்தானில் தயாரான பி4, சீனாவின் டைப் 72 ஆகிய இரண்டும் அப்படிப்பட்டவையே. விடுதலைப் புலிகளின் 'ஜொனி' வெடி மரப்பெட்டியில் அமைந்தது. ஆயினும் அவர்கள் பின்னர் பி4 வகையைப் பின்பற்றிச் செய்த 'ரங்கன் 99' பிளாஸ்டிக்கினால் ஆனது. இரண்டாம் உலகப் போரில் உலோகங் கண்டறியும் கருவி பரவலானபோது, அதை ஏமாற்ற உலோகம் குறைந்த வெடிகள் தேடப்பட்டன. ஈரத்தில் உக்காத, துருப்பிடிக்காத, மலிவான பொருளாகப் பிளாஸ்டிக் வாய்த்தது. மண்ணுக்குள் பல ஆண்டுகள் கெடாமல் கிடந்து காலைப் பறித்ததும் பிளாஸ்டிக். பறிபோன காலுக்கு மாற்றாக வந்ததும் பிளாஸ்டிக். ஆனால் முன்னையது நீடித்த அளவுக்குப் பின்னையது நீடிக்கவில்லை. அது ஏன் என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

1937 இல் ஜேர்மனியின் லெவர்குசன் நகரில் ஓட்டோ பேயர் என்ற இரசாயனவியலாளரும் அவரது குழுவினரும் பொலியூரேத்தேனை உருவாக்கினர். (அவர் பணியாற்றிய நிறுவனத்தின் பழைய பெயரும் பேயர்தான், ஆயினும் நிறுவனத்தை ஆரம்பித்த குடும்பத்துக்கும் இவருக்கும் உறவில்லை.) ஐசோசயனேற்று, பொலியோல் என்னும் இரு திரவங்களைச் சேர்த்தால் அவை ஒன்றோடொன்று பிணைந்து திண்மமாகின்றன. சேர்மானத்தை மாற்றினால் மெத்தையின் பஞ்சும் கிடைக்கும், சக்கரத்துக்குரிய உறுதியும் கிடைக்கும்.

1950களின் இறுதியில் அமெரிக்காவின் பி.எஃப்.குட்ரிச் நிறுவனத்தில் சார்ல்ஸ் ஷொலன்பெர்கர் இதே குடும்பத்தில் புதிய பிள்ளை ஒன்றை அறிமுகம் செய்தார். அதுவே வெப்பமிளகும் பொலியூரேத்தேன். இறப்பரைக் கந்தகத்தோடு சேர்த்து வேகவைத்த பிறகு மீண்டும் உருக்க முடியாது. இப்பொருளின் மூலக்கூற்றுச் சங்கிலியிலோ வன்மையான துண்டுகளும் மென்மையான துண்டுகளும் மாறி மாறி வருகின்றன. வன்துண்டுகள் ஐதரசன் பிணைப்பினால் ஒன்றையொன்று பற்றி நிற்கும். சூடேற்றினால் பிடி தளரும். ஆறினால் மீண்டும் பற்றிக்கொள்ளும். ஆகவே, இறப்பர் போல இழுபடும் ஒரு பொருளை மெழுகு போல உருக்கி அச்சில் வார்க்க முடிந்தது. இன்று பாதணிகளின் அடிப்பாகம் முதல் மின்வடங்களின் உறை வரை இது பயன்படுகிறது.

இதைக் கையாளும் தொழிற்சாலைகளில் முதற்பாடம் ஒன்றுண்டு: மணிகளை உலர்த்தாமல் இயந்திரத்தில் இடக்கூடாது. காற்றிலுள்ள ஈரத்தை அவை உறிஞ்சி வைத்திருக்கும். உருகும் சூட்டில் அந்த ஈரம் மூலக்கூற்றுச் சங்கிலியை வெட்டிவிடும். வார்த்தெடுத்த பொருளில் குமிழிகள் தோன்றும். நீர் இக்குடும்பத்தின் பரம்பரைப் பகை. அப்பகைதான் பின்னர் செயற்கைப் பாதத்திலும் வெளிப்பட்டது.

மேற்கு நாடுகளில் 1950களில் பரவிய செயற்கைப் பாதம், அசையாத கணுக்காலும் மெத்தென்ற குதியும் கொண்டது. சப்பாத்துக்குள் இருக்கவென்றே வடிவமைக்கப்பட்டது. நிலத்தில் சப்பாணி கட்டி உட்காருபவர், குந்தியிருப்பவர், வெறுங்காலோடு சேற்றில் இறங்குபவர் ஆகியோர் அதை வடிவமைத்தோரின் மனத்தில் இருக்கவில்லை.

இக்குறையைத் தீர்த்தது ஜெய்ப்பூர். 1968 இல் அங்குள்ள சவாய் மான்சிங் மருத்துவமனையின் எலும்புச் சிகிச்சை நிபுணர் பிரமோத் கரண் சேத்தியும், முறையான பள்ளிப் படிப்பு அதிகமில்லாத கைவினைஞர் ராம்சந்திர சர்மாவும் சேர்ந்து இறப்பர் பாதம் ஒன்றை உருவாக்கினர். விரல்கள் தெரியும் வடிவமும் தோலின் நிறமும் கொண்ட அது எல்லாப் பக்கமும் வளைந்து கொடுக்கும், சப்பாத்து வேண்டியதில்லை. தொழுகையில் அமர்வதற்கும், வுளூச் செய்யும்போது நனைவதற்கும், வயலில் இறங்குவதற்கும் ஏற்றது. சேத்திக்கு 1981 இல் மக்சேசே விருது கிடைத்தது. 1975 இல் டி.ஆர்.மேத்தா தொடங்கிய பகவான் மகாவீர் விகலாங் சகாயதா சமிதி இக்காலை இலவசமாக வழங்கி உலகெங்கும் கொண்டு சென்றது.

இலங்கைக்கு ஜெய்ப்பூர் கால் போரோடு வந்தது. 1831 இல் நிறுவப்பட்ட கொழும்பு நட்புறவுச் சங்கம் 1985 இல் இத்திட்டத்தை ஆரம்பித்தது. 1987 இல் யாழ்ப்பாணத்தில் ஜெய்ப்பூர் நிலையம் உருவானது. தொடக்கத்தில் காலின் மேற்பகுதியை அலுமினியத் தகட்டை வளைத்துச் செய்தார்கள். பின்னர் தண்ணீர்க் குழாய்க்குரிய அடர் பொலித்தீன் அவ்விடத்துக்கு வந்தது. குழாயைச் சூடேற்றி, பாரிஸ் சாந்தினால் செய்த அச்சின் மேல் இழுத்து மூட, ஆறியதும் அது எஞ்சிய காலின் வடிவத்தைப் பெற்றுவிடும்.

இதே காலத்தில் சர்வதேச செஞ்சிலுவைக் குழு பொலிப்புரொப்பிலீன் முறையை வளர்த்து வந்தது. தகட்டை அடுப்பில் இளக வைத்து, அச்சின் மேல் போர்த்தி, இடையிலுள்ள காற்றை உறிஞ்சினால் கிண்ணம் தயார். வெட்டுப்பட்ட கால் சில மாதங்களில் மெலியும் இயல்புடையது. வெப்பமிளகும் பிளாஸ்டிக் என்பதால் கிண்ணத்தை மீண்டும் சூடாக்கித் திருத்தலாம். கழிவுத் துண்டுகளை உருக்கிப் பயன்படுத்தவும் முடியும். மலிவும் தரமும் ஒருங்கே கொண்ட இம்முறைக்காக 2004 இல் அக்குழுவுக்கு பிரையன் பிளட்ச்போர்ட் பரிசு வழங்கப்பட்டது.

சிக்கல் பாதத்தில்தான் எழுந்தது. உள்ளே பொலிப்புரொப்பிலீன், வெளியே பொலியூரேத்தேன் நுரை என அமைந்த பாதங்கள் இலேசானவை. ஒரே அளவில், ஒரே தரத்தில் பெருந்தொகையாகச் செய்யக்கூடியவை. ஆனால், வெப்பமண்டல நாடுகளில் நடந்த களச் சோதனைகளில் அவற்றிற் பல எதிர்பார்த்த காலத்துக்கு முன்பே பழுதடைந்தன. நமது வீட்டு அலுமாரியில் பெருநாளுக்கென்று பத்திரப்படுத்திய பாதணி, அணியாமலே அடிப்பாகம் உதிர்ந்து போவதைக் கண்டிருப்பீர்கள். அதன் காரணம் பெரும்பாலும் நீர்ப்பகுப்பு. எஸ்ரர் வகைப் பொலியூரேத்தேனில் ஈரம் புகுந்து பிணைப்புகளை அறுக்கிறது. அறும்போது உண்டாகும் அமிலம் அறுப்பை மேலும் விரைவாக்குகிறது. ஈதர் வகை நீரைத் தாங்கும். ஆனால் ஒளிக்கும் காற்றுக்கும் அது இளகியது. குளிர்நாட்டு ஆய்வுகூடத்தில் இலட்சக்கணக்கான அடிகள் தாங்கிய பொருள், நமது மாரியையும் சேற்றையும் வெயிலையும் ஒருசேரச் சந்தித்தபோது தோற்றது வியப்பல்ல. மிதிவெடியின் உறைக்கு மண்ணில் அசையாமல் கிடப்பதே வேலை. பாதமோ நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கான தடவை வளைய வேண்டும், நனைய வேண்டும், காய வேண்டும்.

2000களின் தொடக்கத்தில் இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் ஜெய்ப்பூருக்காகப் பொலியூரேத்தேன் பாதம் ஒன்றை உருவாக்க முன்வந்ததும் குறிப்பிடத்தக்கது. ரொக்கெட்டின் திண்ம எரிபொருளைப் பிணைத்து வைப்பது ஐசோசயனேற்றினால் இறுகவைத்த ஒருவகை இறப்பர். ஆகவே திருவனந்தபுரத்து விஞ்ஞானிகளுக்கு இவ்விரசாயனம் பழகியது. பின்னர் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக மாணவர்கள் எண்ணெய் ஊறிய நைலோனால் முழங்கால் மூட்டொன்றைச் செய்தனர். உராய்வுக்குத் தானே எண்ணெய் இட்டுக்கொள்ளும் அந்த ஜெய்ப்பூர் மூட்டை டைம் சஞ்சிகை 2009 இன் சிறந்த கண்டுபிடிப்புகளில் ஒன்றாகச் சேர்த்தது.

அதே 2009 இல் இங்கே போர் முடிந்தது. மட்டக்களப்பு மாவட்டம் 2017 இல் மிதிவெடியற்றதாக அறிவிக்கப்பட்டது. அவ்வாண்டு டிசம்பரில் இலங்கை ஒட்டாவா உடன்படிக்கையில் இணைந்தது. இவை மகிழ்ச்சிக்குரிய செய்திகள். ஆனால், செய்தி முடிந்த இடத்தில் கால் முடிவதில்லை. வளர்ந்தவரின் செயற்கைக் காலை மூன்று முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். வளரும் பிள்ளைக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை. இருபது வயதில் காலை இழந்தவர் எழுபது வயது வரை வாழ்ந்தால் அவருக்குப் பத்துக் கால்களாவது வேண்டும். போரில் கால் இழந்தோர் முதுமையை நெருங்குகையில், நீரிழிவினால் கால் இழப்போர் புதிதாக வரிசையில் சேர்கிறார்கள். இவர்களுக்கு மிதிவெடி அகற்றுவோரின் அறிக்கைகளில் இடமில்லை.

எனவே கொடையாளிகள் நிகழ்ச்சி நடத்தி ஒரு காலைக் கையளித்துப் படம் பிடித்துச் செல்வது தொண்டின் தொடக்கம் மட்டுமே. பாதம் வெடித்த நாளில் வயலுக்குப் போகும் ஒருவர் எத்தனை பேருந்து மாறி, எத்தனை நாள் கூலியை இழந்து பட்டறையை அடைகிறார் என்பதே உண்மையான அளவுகோல். பொருளின் குணத்தை விஞ்ஞானிகள் திருத்திக்கொண்டே இருப்பார்கள். அது அவர்கள் கடன். தேய்ந்த பாதத்தை அருகிலேயே மாற்றித் தரும் பட்டறையும் அதற்குரிய தேர்ந்த கைகளும் எந்நாளும் இருக்கச் செய்வது அரசின் கடன். அது இல்லாதவரை, கிட்டங்கியில் வெள்ளம் ஏறும் ஒவ்வொரு மாரியிலும் யாரோ ஒருவர் தேய்ந்த பாதத்தைத் துணியால் கட்டிக்கொண்டு வரம்பில் இறங்குவார்.