பொன் வாணிகரும் கற்படுக்கைகளும்

பண்டைக் கடல் வாணிகம் என்றவுடன் மிளகும் முத்தும் பொன்னும் நம் நினைவுக்கு வருகின்றன. அவற்றை விற்ற மாந்தர் நினைவுக்கு வருவதில்லை. ஆனால், அவ்வாணிகக் குடியினர் அயல்நாட்டில் பானை ஓட்டிலும், தாய்நாட்டில் குகைப்பாறையிலும் தம் பெயரைப் பொறித்துச் சென்றுள்ளனர்.

எகிப்தின் செங்கடற்கரையில் குசேர் அல்-காதிம் என்னும் பழந்துறையில், கண்ணன், சாத்தன் என்னும் பெயர்கள் தமிழ்ப் பிராமியில் எழுதப்பெற்ற பானை ஓடுகள் கிடைத்தன, காலம் கி.பி. 1ஆம் நூற்றாண்டு. அக்கரையிலேயே அமைந்த பெரெனிகே துறையில், இந்தியச் சாடியொன்றில் ஏறத்தாழ 7.5 கிலோ மிளகு அகழ்ந்தெடுக்கப்பெற்றது. வியன்னாவில் உள்ள கி.பி. 2ஆம் நூற்றாண்டுக் கிரேக்கப் பாப்பிரசு ஏடு, முசிறிப் பயணத்துக்கான கடன் ஒப்பந்தத்தைக் கூறுகிறது. சரக்கு செங்கடற்கரையில் இறங்கி, ஒட்டகங்களின்மேல் பாலையைக் கடந்து, நைல் ஆற்றுவழியே அலெக்சாந்திரியாவை அடையும். சுங்கம் நான்கில் ஒரு பங்கு.

முசிறியிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியே கிழக்கு நோக்கி வந்தால் கருவூரை அடையலாம். அங்கு அமராவதி ஆற்று மணலில் உரோமானிய நாணயங்கள் ஏராளமாகக் கிடைத்துள்ளன. அவ்வூரை அடுத்த புகழூர் ஆறுநாட்டார் மலைக் குகையில், கருவூர்ப் பொன் வாணிகன் நத்தி என்பவர் துறவியர்க்கு உறைவிடம் அமைத்த செய்தி பொறிக்கப்பெற்றுள்ளது. சேரர் குல இளங்கடுங்கோ, யாற்றூர்ச் செங்காயபன் என்னும் சமண முனிவர்க்குக் கல் அறுத்துக் கொடுத்ததும் அம்மலையில்தான்.

பாண்டிய நாட்டிலும் இதே நிலையைக் காண்கிறோம். மாங்குளத்தில் வெள்ளறை நிகமத்தோர் கொடை அளித்தனர். அழகர்மலையில் உப்பு வாணிகரும் அறுவை வாணிகரும் கொழு வாணிகரும் பெயர் பொறித்தனர். அறுவை என்பது துணி; கொழு என்பது ஏர்முனையின் இரும்பு. பெருஞ்செல்வர் மட்டுமல்லர், அன்றாடப் பொருள் விற்றோரும் அறம் செய்தனர் என்பது இதனால் விளங்கும்.

இக்கல்வெட்டுகளின் சொற்களும் நோக்கத்தக்கவை. வணிகக் குழுவைக் குறிக்கும் நிகமம், உறைவிடத்தைக் குறிக்கும் அதிட்டானம் ஆகியவை பிராகிருதத்தின்வழித் தமிழுக்கு வந்தவை. சரக்கோடு சொல்லும் சமயமும் வழிநடந்தன. வந்த சொல்லைத் தமிழர் தம் ஒலிக்கும் எழுத்துக்கும் ஏற்ப அமைத்துக்கொண்டனர்.

இன்று சமணர் என்றாலே வடநாட்டு வணிகர் என எண்ணுவோர் பலர். தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட நம் பிள்ளைகளிடம், "நீங்கள் எந்த மாநிலத்திலிருந்து வந்தவர்கள்?" என்று வினவுவோரும் உளர். இவ்வினாவுக்கு விடை குகைப்பாறைகளில் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தமிழில் எழுதப்பெற்றுவிட்டது. ஆனால், அவ்விடைக்கு அழிவு நேராமல் காத்தல் வேண்டும். கல்லுடைப்பு ஒருபுறம்; படுக்கைகளின்மேல் தம் பெயரைக் கீறிச் செல்லும் இளைஞர் மறுபுறம். மலைக்குச் செல்லும் குடும்பத்தார், வழிபாட்டுக்குப்பின் சிறிது நேரம் ஒதுக்கி, அவ்வெழுத்துகளைப் பிள்ளைகளுக்குக் காட்டிப் படித்துச் சொல்லுதல் நன்று. நத்தியின் பெயரை ஒருமுறை படித்தறிந்த பிள்ளை, அப்பாறையில் தன் பெயரைக் கீறத் துணியாது.