தட்டை நுண்வில்லை

வளைவாகத் தேய்த்த கண்ணாடி இல்லாமலே ஒளியைக் குவிக்கும் வில்லை. ஒளியின் அலைநீளத்திலும் சிறிய இடைவெளியில் நுண்தூண்கள் இதன் தட்டையான பரப்பில் நெருங்கி நிற்கும். ஒவ்வொரு தூணும் தன் பருமனுக்கேற்ப ஒளியைத் தாமதப்படுத்துகிறது. இடத்துக்கு இடம் அத்தாமதத்தைக் கணக்கிட்டு மாற்றினால் ஒளி ஒரு புள்ளியில் சேரும்.

வில்லையை மெலிதாக்கும் முயற்சி பழையது. பிரெஞ்சு இயற்பியலாளர் பிரெனெல் வில்லையை வளையங்களாக வெட்டியமைத்தார். 1823இல் பிரான்சின் கோர்டுவான் வெளிச்சவீட்டில் அது ஏற்றப்பட்டது. 1998இல் பிலிப் லலான் குழுவினர் கண்ணாடிமேல் டைட்டேனியம் டைஒக்சைட்டு நுண்தூண்களை நிறுத்தி ஒளியைத் திருப்பினர். நுண்வில்லைக்கு இது ஒரு முன்னோடி. ஹார்வர்டில் கப்பாசோ குழு 2016இல் அதே பொருளில், 600 நனோமீற்றர் உயரத் தூண்களால் கட்புல ஒளிக்கான வில்லையைச் செய்தது. புகழ் அங்கே போய்ச் சேர்ந்தது.

தூண்களின் இப்பொருள் இலங்கையின் சபரகமுவ மாகாணத்துக்குப் புதிதன்று. பெல்மதுளை, காவத்தை, பலாங்கொடைப் பக்கத்துத் தேயிலை, இறப்பர்த் தோட்டங்களை அடுத்த மாணிக்கக் குழிகளில் கிடைக்கும் நட்சத்திர நீலக்கல்லுக்குள் இருப்பதும் டைட்டேனியம் டைஒக்சைட்டுதான். ரூட்டைல் என்னும் படிக வடிவில், கண்ணுக்குத் தெரியாத ஊசிகளாக மூன்று திசைகளில் அடுக்கப்பட்டிருக்கும். அவற்றில் சிதறும் ஒளியே கல்லின் முகட்டில் ஆறு கதிர் நட்சத்திரமாகத் தெரிகிறது. ஊசிகள் மண்டினால் கல் பால்போல் மங்கும், அதுவே கெவுட. பயனற்றதெனக் கழிக்கப்பட்ட கெவுடவை 1970களில் தாய்லாந்து வியாபாரிகள் மலிவாக வாங்கிச் சென்று, 1500 பாகை செல்சியசுக்கு மேல் சுட்டார்கள். ஊசிகள் கரைந்தன, டைட்டேனியம் இரும்புடன் சேர்ந்து நீலம் தந்தது. சபரகமுவவின் மாணிக்க நகரான இரத்தினபுரி இதைக் கற்பதற்குள் நல்ல கற்கள் பல கைமாறிவிட்டன. கப்பாசோ குழுவின் நுண்வில்லைத் தூண்கள் படிகமல்ல. ஆய்வுகூடத்தில் அணுப்படலங்களாகப் படியவைக்கப்படுபவை. ஒளியை ஆளும் விதம் வேறானாலும், இரண்டிலும் அதைச் செய்வது நுண்ணுருக்களின் அடுக்கே.

நுண்வில்லையின் மருத்துவப் பயன்களில் குறிப்பிடத்தக்கது 2018இல் ஹார்வர்டும் மசாசூசெட்ஸ் பொது மருத்துவமனையும் செய்த அகநோக்கி. மெல்லிய ஒளியிழையின் நுனியில் சிலிக்கன் தூண்களாலான நுண்வில்லையைப் பொருத்தி, செம்மறியாட்டின் சுவாசக்குழாயையும் அறுத்தெடுத்த மனித நுரையீரல் திசுவையும் படமெடுத்தனர். பழைய குழாய்முனை வில்லைகளில், அகநோக்கி மேலுறையின் வளைவு படத்தைக் குழப்பும். இங்கே அத்திருத்தம் தூண்களின் அமைப்பிலேயே சேர்ந்துவிடுகிறது.

நிறத்துக்கு நிறம் குவியம் மாறுவது இன்னும் முழுதாகத் தீரவில்லை; இத்தகைய அகநோக்கி நோயாளிகளிடம் வழமையான பயன்பாட்டுக்கும் வரவில்லை.