விடுமுறையில் ஒரு பாவசங்கீர்த்தனம்

விடுமுறை என்னும் சொல் விடுதிப் பிள்ளைகளுக்கு இனிக்கும். பெட்டி கட்டிக்கொண்டு வீட்டுக்குப் புறப்படும் அந்நாளை அவர்கள் விரல்விட்டு எண்ணிக் காத்திருப்பார்கள். ஆனால் எல்லோரும் சென்றபின், வெறிச்சோடிய அறைகளுக்கு நடுவே தனித்து விடப்படும் ஒருவருக்கு அதே விடுமுறை சிறைவாசமாகிவிடும். 1843ஆம் ஆண்டின் கோடையில், பெல்ஜியத் தலைநகர் பிரசல்ஸில், அப்படித் தனித்துவிடப்பட்ட ஓர் ஆங்கிலப் பெண்ணின் மனத்துயரிலிருந்து ஒரு காதல் நாவல் பிறந்தது. அதன் பெயர் 'வில்லெட்'. எழுதியவர் சார்லட் பிராண்டி.

சார்லட் 1816இல் இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பகுதியில் பிறந்தவர். தந்தை ஆங்கிலிக்கன் சபைக் குரு. ஐந்து வயதில் தாயை இழந்த சிறுமி, எட்டு வயதில், குருக்களின் புதல்வியருக்கென நடத்தப்பட்ட விடுதிப் பள்ளிக்கு அனுப்பப்பட்டார். அங்கிருந்து நோயோடு வீடு திரும்பிய மூத்த சகோதரியர் மரியா, எலிசபெத் இருவரும் 1825இல் காசநோயால் மாண்டனர். விடுதிப் பள்ளி அவருக்குக் கதைப்பொருளாகும் முன்பே காயமாகிவிட்டது.

வளர்ந்தபின் தங்கையரோடு சேர்ந்து சொந்தமாக ஒரு பள்ளி தொடங்கும் கனவு அவருக்கு இருந்தது. அதற்குப் பிரெஞ்சு மொழித் தேர்ச்சி வேண்டும். ஆகவே பெரியன்னை தந்த பணத்துடன் 1842 பிப்ரவரியில் தங்கை எமிலியோடு பிரசல்ஸ் சென்று, ஹெகெர் அம்மையார் நடத்திய கத்தோலிக்க விடுதிப் பள்ளியில் சேர்ந்தார். அம்மையாரின் கணவர் கான்ஸ்டன்டின் ஹெகெர் அங்கே இலக்கியம் கற்பித்தார். சட்டெனச் சினந்து சட்டெனக் கனிபவர். ஏழைகளுக்கு உதவும் வின்சென்ட் தே பால் சபையில் ஈடுபாடு கொண்ட பக்தர். சார்லட்டின் எழுத்தாற்றலை இனங்கண்டு, வரிவரியாகத் திருத்திச் செப்பனிட்ட முதல் ஆசான் அவரே.

பெரியன்னையின் மரணத்தால் அவ்வாண்டு இறுதியில் சகோதரியர் வீடு திரும்பினர். 1843 ஜனவரியில் சார்லட் மட்டும் ஆண்டுக்கு 16 பவுண்டு சம்பளத்தில் ஆங்கில ஆசிரியையாக மீண்டும் வந்தார். இம்முறை எமிலி உடனில்லை. ஆசானிடம் கொண்டிருந்த மதிப்பு மெல்ல மெல்ல, சொல்லவும் முடியாத, அடக்கவும் முடியாத அன்பாக மாறியிருந்தது. அவரோ மனைவி மக்களோடு வாழ்பவர். அம்மையார் நிலைமையை உணர்ந்து விலகி நின்றார். கோடை விடுமுறை வந்தது, மாணவியர் கலைந்தனர்.

செப்டம்பர் முதல் நாள். பள்ளிக்குத் திரும்ப மனமின்றி நகரத்துக்கு வெளியே நெடுந்தொலைவு நடந்து களைத்த சார்லட்டின் காதில், புனித கூடுலா ஆலயத்தின் மாலை மணி விழுந்தது. உள்ளே சென்றார். செபம் முடிந்தும் எழ மனமில்லை. பாவசங்கீர்த்தனத் தொட்டியருகே சிலர் முறைக்காகக் காத்திருந்தனர். அவரும் சென்று முழந்தாளிட்டார். தாம் அயல்நாட்டவர், சீர்திருத்தச் சபையில் வளர்ந்தவர் என்பதை மறைக்காமல் சொன்னார். அப்படியானால் இச்சலுகை உமக்கு இல்லை என்றார் குரு. பெண்ணோ விடவில்லை. மெய்யான திருச்சபைக்குத் திரும்பும் முதல் அடியாக இது இருக்கலாம் என்ற நம்பிக்கையில் குரு இசைந்தார். அவர் மனம் திறந்து சொன்னதையெல்லாம் கேட்டார். பிறகு நாள்தோறும் காலையில் தம் இல்லத்துக்கு வரும்படியும், சபையின் உண்மையை விளக்குவதாகவும் கூறினார். சார்லட் சரியென்றார், ஆனால் போகவே இல்லை. மறுநாள் எமிலிக்கு எழுதிய மடலில் நடந்ததைச் சொல்லி, அப்பாவுக்குத் தெரியவேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

1844 ஜனவரியில் நாடு திரும்பினார். அவ்வாண்டு பள்ளிக்கான விளம்பரத்தாள் அச்சிடப்பட்டது. ஒரு மாணவிகூடச் சேரவில்லை. ஹெகெருக்கு அவர் எழுதிய கடிதங்களுள் எஞ்சியவை நான்கு. அவற்றுள் மூன்று கிழிக்கப்பட்டு, பின் தைத்து ஒட்டப்பட்ட நிலையில் இருந்தன. ஹெகெரின் மக்கள் 1913இல் அவற்றை பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்கு வழங்கிய பின்னரே, 'வில்லெட்' எத்துணை வேதனையில் விளைந்தது என்பதை உலகம் அறிந்தது.

1853இல் வெளிவந்த அந்நாவலில் லூசி ஸ்னோ என்னும் அநாதைப் பெண் அயல்நாட்டு விடுதிப் பள்ளியில் ஆசிரியையாகிறாள். பால் இமானுவேல் என்ற சினமும் கனிவும் மிக்க கத்தோலிக்கப் பேராசிரியரை நேசிக்கிறாள். நிசத்தில் அமையாத பள்ளியைக் கதையில் அவர் அவளுக்கு அமைத்துத் தருகிறார். பின் கடல் கடந்து செல்கிறார். திரும்பும் வழியில் புயல் எழுகிறது. அவர் கரை சேர்ந்தாரா என்பதை ஆசிரியர் வெளிப்படையாகச் சொல்லாமலே முடிக்கிறார்.

கத்தோலிக்க வாசகருக்கு இந்நூல் சில இடங்களில் கசக்கும். குருக்களைச் சூழ்ச்சிக்காரர்களாகவும், கத்தோலிக்கப் பள்ளியை ஒற்றர் கூடமாகவும் அது சித்திரிக்கிறது. 1850இல் திருத்தந்தை ஒன்பதாம் பத்திநாதர் இங்கிலாந்தில் மறைமாவட்டங்களை மீண்டும் நிறுவியபோது அங்கு எழுந்த எதிர்ப்புப் புயலின் வாடை அதில் வீசுகிறது. எனினும் அதே நூலில், தன் பாவசங்கீர்த்தனத்தைக் கேட்ட முதிய குருவை நாயகி நன்றியோடு நினைக்கிறாள். மறுநாள் அவரிடம் போகாததற்கு அவள் சொல்லும் காரணம் நம்மைச் சிந்திக்க வைக்கிறது. அவருடைய வாதங்களுக்கு அவள் அஞ்சவில்லை; அவருடைய கனிவுக்கே அஞ்சினாள். மறுபடி சென்றிருந்தால் கார்மேல் மடத்தில் செபமாலை உருட்டிக்கொண்டிருப்பேனோ என எண்ணிப்பார்க்கிறாள்.

தொட்டியில் அமர்ந்து கேட்கும் பணி எனக்கும் உண்டு. ஆகவே பெயர் தெரியாத அக்குருவைக் குறைகூற நா எழவில்லை. பாவமன்னிப்பு வழங்க அன்றைய ஒழுங்கு அவருக்கு இடம் தரவில்லை. இருந்தும் அவர் கதவை அடைத்துவிடவில்லை. ஆனால் களைத்து வந்தவள் கேட்டது விளக்கமன்று, ஒரு செவி. அதை அவர் தந்த அந்தச் சில நிமிடங்கள்தாம் பத்தாண்டுகளுக்குப் பின்னும், நம்மை விரும்பாத ஒரு நூலில், நமக்குச் சாட்சியாக நின்றன. வாதம் மறுநாளுக்கு ஒத்திவைக்கப்பட்டது. அந்த மறுநாள் வரவேயில்லை.

நம் இல்லங்களிலும் விடுதிகளிலும் இளையோர் சொல்லமுடியாத அன்பையும் ஏமாற்றத்தையும் சுமந்து திரிகிறார்கள். அவர்கள் வாய் திறக்கும் முன்பே நாம் அறிவுரையை ஆயத்தமாக வைத்திருக்கிறோம். கிணற்றருகே சமாரியப் பெண்ணிடம் ஆண்டவர் முதலில் கேட்டது தண்ணீர்தான். உண்மை பிறகு வந்தது. அந்த வரிசையை நாம் மாற்றாதிருப்போம்.